ஏழு குழந்தைகளும் ஒரு புடவைக்கடையும்

அடையாறு பக்கத்தில் என்னைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள். மீசை வைத்த, முன்வழுக்கை விழுந்த, ஐம்பதைத் தாண்டிய ஒரு ஆணை அப்படிக் கூப்பிடுவது அவர்களுக்கு விசித்திரமாகவே படுவதில்லை. கூப்பிட ஆரம்பித்தபோது அவர்களுக்கு வயது மூன்று. பிளே ஸ்கூலில் யார் பாடம் நடத்தினாலும் மிஸ்தான் என்பது அவர்கள் கட்சி. "நான் மிஸ் இல்லடா, சார்" என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். "சரி, சார் மிஸ்" என்றான் ஒருவன். அதோடு விட்டுவிட்டேன். (கொஞ்ச நாள் முன்னால் பஸ்ஸில் தாடி வைத்த கல்லூரிப் பையன் ஒருவன் எழுந்து, "பாலு மிஸ், உக்காருங்க" என்றான். பக்கத்து சீட்டுக்காரர் நான் இறங்குகிறவரை என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.)

பள்ளிக்கூடம் என் மனைவி சுமதியுடையது. எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் நடக்கிறது. மருந்துக் கம்பெனியில் என் வேலை போனபோது, "வேற வேலை கிடைக்கிற வரைக்கும் சும்மா கூடமாட இருங்க" என்றாள். கூடமாட இருக்க ஆரம்பித்தவன் தபாலில் ஒரு டிரெயினிங் முடித்து, சர்டிபிகேட் வாங்கி, மூன்று வயசு வகுப்புக்கு மிஸ்ஸாகவே ஆகிவிட்டேன். வேறு வேலை இன்னும் கிடைக்கவில்லை. நான் தேடவும் இல்லை. மருந்துக் கம்பெனியில் இருந்தபோது என் பையைப் பார்த்தாலே டாக்டர்கள் பின்வாசல் வழியாகப் போய்விடுவார்கள். இங்கே காலையில் வகுப்புக்குள் நுழைந்தால் ஒரு கூட்டமே "மிஸ்ஸ்ஸ்" என்று ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்கிறது. இதை யாராவது விடுவார்களா?

விட வைக்கிற மாதிரி ஒரு விதி வந்தது. சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் எடுப்பவர்கள் எல்லோரும் தங்கள் பழைய சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். புதிய பாடத்திட்டம், சனி ஞாயிறு வகுப்பு, கடைசியில் மதிப்பீட்டாளர் முன்னால் செய்முறைத் தேர்வு. சுமதி முதல் அணியிலேயே போய்ப் பாராட்டோடு திரும்பி வந்துவிட்டாள். அடுத்தது நான்.

"இங்க பாருங்க, புருஷன்னெல்லாம் பார்க்க மாட்டேன்" என்றாள். "சர்டிபிகேட் வரலேன்னா கிளாஸுக்குள்ள கால் வைக்கக் கூடாது. மோட்டார் போடறது, மார்க்கெட் போறது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடறது, இதுதான் உங்க வேலை."

"பதினேழு வருஷ சர்வீஸ்டி எனக்கு!"

"அதான் பயமா இருக்கு" என்றாள்.

பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் பெண் நித்யா, லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கிச் சொன்னாள்: "அப்பா, பிளே ஸ்கூல்ல ஃபெயிலான மொத ஆளுன்னு பேர் வாங்கிடாதே. எனக்கு வரன் பார்க்கணும்."

பயிற்சி தி.நகரில். பாண்டி பஜாருக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு புடவைக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்த மையம். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, இத்தனை நாளாக நான் செய்துகொண்டிருந்தது எல்லாமே தப்பு என்று. குழந்தையை அதட்டக் கூடாது. கட்டளை போடக் கூடாது. "வாயில் விரல் வை" என்று சொல்லவே கூடாது. முழங்காலிட்டு, குழந்தையின் கண்ணுக்கு நேராகக் கண்ணை வைத்து, அதன் மனசில் ஓடுவதை நாம் சொல்ல வேண்டும். "நீ கோபமா இருக்கேன்னு எனக்குப் புரியுது." அப்புறம் ரெண்டு வழிகளைக் கொடுத்து அதையே தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும்.

நல்ல விஷயம்தான். வீட்டில் பழகிப் பார்த்தேன். சுமதியின் ஸ்கூட்டரைக் கேட்டில் இடித்துவிட்டு, அவள் கத்திக்கொண்டு வெளியே வந்ததும் முழங்காலிட்டேன். "சுமதி, நீ கோபமா இருக்கேன்னு எனக்குப் புரியுது."

"ஏங்க, எழுந்திருங்க. அப்புறம் முட்டி பிடிச்சுக்கிட்டா நான்தான் தூக்கணும்" என்றாள். பிடித்துத்தான் கொண்டது.

செய்முறைத் தேர்வு தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. அன்றைக்குக் காலை ஊற்றுகிறது மழை. எங்கள் ஸ்கூல் ஆயா தேவி நனைந்துகொண்டே வந்து வாசலில் நின்றாள். "இன்னா சார், பரீட்சைக்கா கெளம்பிக்கினு கீறே? லீவு வுட்டாங்களே, டிவில சொல்லிக்கினு கீறான்."

லீவு பள்ளிக்கூடங்களுக்குத்தான், பரீட்சைக்கு இல்லை. ஆனால் அதிலும் ஒரு வம்பு இருந்தது. தேர்வுக்கென்று பக்கத்து நர்சரிப் பள்ளியிலிருந்து குழந்தைகளை அழைத்து வருவது அந்த மையத்தின் வழக்கம். லீவு விட்டதால் ஒரு குழந்தையும் வரவில்லை. மதிப்பீட்டாளரோ ராத்திரி ரயிலில் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கிவிட்டார். அகிலா என்று பெயர். என் பெண் வயசு இருக்கும். கையில் ஃபைல், முகத்தில் சிரிப்புக்கு இடமே இல்லை.

கொஞ்சம் யோசித்துவிட்டு அகிலா சொன்னார்: "எட்டு பேர் இருக்கீங்க. ஒருத்தர் டீச்சர். மத்த ஏழு பேரும் மூணு வயசுக் குழந்தைங்க. மாத்தி மாத்திப் பண்ணிடலாம். நிஜமாவே குழந்தைங்க மாதிரி நடந்துக்கணும், சரியா?"

யாரிடம் என்ன சொல்கிறோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. நாங்கள் எட்டு பேரும் (என்னைத் தவிர எல்லோரும் பெண்கள்) வருஷக்கணக்காக மூன்று வயசுக் குழந்தைகளிடம் மாட்டிக்கொண்டு முழித்தவர்கள். கடிப்பது, கிள்ளுவது, கழற்றிப் போட்டுவிட்டு ஓடுவது, எல்லா வகையும் எங்களுக்கு அத்துப்படி. இத்தனை நாள் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க முதல்முறையாக ஒரு வாய்ப்பு.

அதை முதலில் பயன்படுத்திக்கொண்ட புத்திசாலி நான்தான்.

முதல் ஆளாக ஸ்டெல்லா மிஸ் வந்தார். ஆதம்பாக்கத்தில் நர்சரி டீச்சர், சாதுவான பெண்மணி. சாக்ஸில் செய்த காக்கா பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு கதை சொல்ல ஆரம்பித்தார். நான் எழுந்து நின்று, "அது எனக்கு வேணும்" என்றேன்.

"பாலு, உனக்கு அந்தப் பொம்மை வேணும்னு எனக்குப் புரியுது..."

"எனக்குத்தான் வேணும்! எனக்குத்தான் வேணும்!" என்று தொப்பென்று தரையில் விழுந்தேன். குழந்தைகளில் தரையில் படுத்துக்கொள்ளும் ஜாதி ஒன்று உண்டு. அதுகளை யாராலும் தூக்க முடியாது, உடம்பு திடீரென்று ஈரத்துணி மாதிரி ஆகிவிடும். நான் அந்த ஜாதியாக மாறினேன். எண்பத்துச் சொச்சம் கிலோ எடையில். உருண்டதில் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து ஓடியது. "எங்கம்மா எப்ப வருவா? எங்கம்மா எப்ப வருவா?" என்று காலை உதைத்தேன். ஸ்டெல்லா மிஸ்ஸுக்கு வியர்த்துக் கொட்டியது.

"சார், ரொம்ப இயல்பா பண்றீங்க" என்றார் அகிலா.

இப்படி ஒரு பாராட்டு கிடைத்தபின் நான் சும்மா இருப்பேனா? அடுத்தடுத்து வந்த எல்லோருடைய வகுப்பிலும் புகுந்து விளையாடினேன். ஒருவர் பாட்டுப் பாடியபோது காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். மந்தைவெளி மல்லிகா மிஸ் (ரிட்டயர் ஆகிற வயசு, என்னைவிடப் பெரியவர்) களிமண் உருட்டச் சொன்னபோது, உருட்டியதை அவர் புடவையில் ஒட்டினேன். வேடிக்கை என்னவென்றால் அவர்கள் எல்லோரும் பாஸ். இப்படி ஒரு குழந்தையைப் பொறுமையாகச் சமாளித்தார்களே என்று கூடுதல் மதிப்பெண் வேறு.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தபோது ஸ்டெல்லா மிஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு ஊறுகாய்த் துண்டை என் தயிர்சாதத்தில் வைத்தார்.

"தேங்க்ஸ் சார். உங்களாலதான் எனக்கு நல்ல மார்க்" என்றார். அப்புறம் இனிமையாகச் சிரித்தார். "அடுத்தது உங்க டர்ன்தானே?"

ஊறுகாயைத் தொடாமல் டிபன் பாக்ஸை மூடினேன்.

நான் தேர்ந்தெடுத்திருந்த பயிற்சி, பொரியை அளந்து போடுவது. ஆயுத பூஜை முடிந்தால் எல்லார் வீட்டிலும் மூட்டை மூட்டையாகப் பொரி மிஞ்சும். அதை ஒரு தாம்பாளத்தில் கொட்டி, சின்னக் கிண்ணத்திலிருந்து பெரிய கிண்ணத்துக்குக் குழந்தைகள் மாற்ற வேண்டும். கைக்கும் கண்ணுக்கும் நல்ல பயிற்சி. சுமதியே, "பரவாயில்லை, உருப்படியா யோசிச்சிருக்கீங்க" என்று சொல்லியிருந்தாள்.

தாம்பாளத்தை வைத்த உடனே ஏழு பேரும் பொரியைத் தின்ன ஆரம்பித்தார்கள்.

"மிஸ், இவ என் பொரியைத் தின்னுட்டா!"

"மிஸ், அவ எச்சில் பண்ணிட்டா!"

மல்லிகா மிஸ் ஒரு கிண்ணம் பொரியை நிதானமாக எடுத்துப் பக்கத்துக் குழந்தையின் தலையில் கவிழ்த்தார். அந்தக் குழந்தை (திருவான்மியூரில் ஒரு பள்ளிக்குத் தலைமை ஆசிரியை) வீறிட்டு அழுதது. நான் முழங்காலிட்டு, "நீ வருத்தமா இருக்கேன்னு..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் பின்னாலிருந்து ஸ்டெல்லா மிஸ் குரல், மூக்கடைத்த மாதிரி.

"மிஸ்ஸ்... பொரி மூக்குக்குள்ள போயிடுச்சு..."

இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு இதைவிடப் பயங்கரமான வாக்கியம் கிடையாது. நடிப்பு என்பதே மறந்துபோய் ஓடினேன். தலையைப் பிடித்து நிமிர்த்தி மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "மிஸ், பாத்ரூம்" என்றார் ஒருவர். பாத்ரூம் என்பது ஒரு தொற்றுநோய். ஒரு குழந்தைக்கு வந்தால் வகுப்புக்கே வரும். "மிஸ், எனக்கும்." "எனக்கும் மிஸ்." "அர்ஜென்ட் மிஸ்." மூக்குக்குள் ஒன்றுமே இல்லாத ஸ்டெல்லா மிஸ் உட்பட ஏழு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள்.

மாடியில் இருந்த கழிப்பறை ரிப்பேர். கீழே புடவைக்கடைக்குப் பின்பக்கம்தான் போக வேண்டும், கடைக்குள் புகுந்து. புதிய பாடத்திட்டத்தின் முதல் விதி, குழந்தையைக் கண் பார்வையிலிருந்து விடக் கூடாது, கூடவே போக வேண்டும் என்பது. பெண்கள் கழிப்பறைக்கு நான் கூடவே போனால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சட்டம் இருக்கிறது. மாம்பலம் போலீஸ் ஸ்டேஷனில் போய் நான் மதிப்பீட்டுத் தாளைக் காட்டிக்கொண்டு நிற்க முடியாது. நான் படிக்கட்டில் நின்று யோசிப்பதற்குள் ஏழு பேரும் இறங்கிப் போய்விட்டார்கள்.

அறையில் நானும் அகிலாவும் இறைந்து கிடந்த பொரியும் மட்டும். மின்விசிறிக் காற்றில் பொரி மெதுவாக அங்குமிங்கும் உருண்டது.

ரொம்ப நேரம் கழித்து அகிலா பேனாவை மூடினார். "சார், உங்க குழந்தைங்க எங்க?"

இறங்கி ஓடினேன். பின்னாலேயே அவரும் வந்தார்.

தீபாவளி நேரத்துத் தி.நகர்க் கடையை மழையெல்லாம் ஒன்றும் செய்யாது. உள்ளே நிற்க இடமில்லை. வாசலிலேயே பாதி விலை என்று போர்டு. என் குழந்தைகள் பாத்ரூம் போய்விட்டுத் திரும்பி வரும் வழியில்தான் அந்த போர்டு இருந்தது. ஆளுக்கொரு பக்கமாகச் சிதறியிருந்தார்கள். ஒன்று காட்டன் பிரிவில். ரெண்டு கண்ணாடி முன்னால், தோளில் புடவையைப் போட்டுப் பார்த்துக்கொண்டு. ஸ்டெல்லா மிஸ் குவியலுக்குள் இடுப்பு வரை இருந்தார்.

மல்லிகா மிஸ் ஸ்டூலில் உட்கார்ந்து பட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மதிப்பீட்டாளர் பின்னால் நிற்கிறாரே என்று, கற்றுக்கொண்டபடியே செய்தேன். கூட்டத்தின் நடுவில் முழங்காலிட்டு, அவர் கண்ணுக்கு நேராக என் கண்ணை வைத்தேன்.

"மல்லிகா, உனக்கு இந்தப் புடவை ரொம்பப் பிடிச்சிருக்குன்னு எனக்குப் புரியுது."

"ஆமா சார்" என்றான் புடவையை விரித்துக்கொண்டிருந்த திருநெல்வேலிக்காரப் பையன் உற்சாகமாக. "அக்காவுக்கு எடுப்பா இருக்கும். பில் போட்டுரட்டா?"

"இல்லப்பா. மல்லிகா, நாம இப்பவே மேல போகலாமா, இல்ல அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போகலாமா? நீயே சொல்லு."

"அஞ்சு நிமிஷம் கழிச்சு" என்றார் மல்லிகா மிஸ். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. (தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுத்தால் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அதுதான் அந்த முறையில் இருக்கும் ஒரே குறை.)

பையன் குனிந்து என்னிடம் கேட்டான். "சார், அந்தா அங்க பாக்காங்களே, அவங்களும் ஒங்க கூட வந்தவங்களா?"

"ஆமாப்பா. ஏழு பேரும் என் குழந்தைங்க."

பையன் மல்லிகா மிஸ்ஸின் நரைத்த தலையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பட்டுப்புடவையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான்.

பின்னால் அகிலா ஃபைலில் ஏதோ எழுதும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் எனக்கு என் வகுப்பு தெரிந்தது. நாளைக் காலை குழந்தைகள் உள்ளே ஓட, நான் வெளியே மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்கிற காட்சி தெரிந்தது. அவ்வளவுதான். கற்றதெல்லாம் பறந்துபோய், பதினேழு வருஷப் பழக்கம் அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது.

"எல்லாரும்ம்ம்... கையைக் கட்டு! வாயில விரல்!"

கடை அப்படியே நின்றது.

என் ஏழு குழந்தைகளும் அந்தந்த இடத்திலேயே கை கட்டி வாயில் விரல் வைத்தார்கள். அவர்கள் மட்டும் என்றால் பரவாயில்லை. புடவை விரித்த பையன் வைத்தான். பில் போடும் பெண் வைத்தாள். பேரம் பேசிக்கொண்டிருந்த குடும்பம் மொத்தமும் வைத்தது. கல்லாவில் இருந்த முதலாளி அண்ணாச்சி, போனைக் காதில் வைத்தபடியே மறு கை விரலை வாயில் வைத்தார். சுவரோரம் பைகளோடு வரிசையாக உட்கார்ந்திருந்த கணவன்மார்கள் ஏற்கெனவே அப்படித்தான் இருந்தார்கள், விரல் மட்டும்தான் பாக்கி. அதையும் வைத்தார்கள். இந்த ஊரில் எல்லாரும் ஏதோ ஒரு மிஸ்ஸிடம் படித்தவர்கள்தானே? தீபாவளி சமயத்தில் தி.நகரில் மழைச் சத்தத்தைக் கேட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

திரும்பிப் பார்த்தேன். ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, அகிலாவும் வாயில் விரல் வைத்திருந்தார்.

ஆரம்பித்தாயிற்று, இனி நிறுத்த முடியாது. "லைனா வாங்க! டிரெயின் புடிங்க!" என்றேன். ஒருவர் முந்தானையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். நான் இன்ஜின். கூட்டம் வழிவிட்டது. கடையைக் கடந்து, படியேறி, மேலே போய், பொரிக்கு நடுவில் எல்லோரையும் உட்கார வைத்துவிட்டு, மூச்சு வாங்க, "ஏழு பேரும் வந்தாச்சு மேடம்" என்றேன்.

அகிலா எண்ணிப் பார்த்தார். மறுபடியும் எண்ணினார். "சார், எட்டு இருக்கு."

கடைசிப் பெட்டியாக, கையில் ரெண்டு கட்டைப்பையோடு, முன்பின் தெரியாத ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்.

"யாரும்மா நீங்க?"

"இன்னான்னு தெர்லபா. லைன்ல வா லைன்ல வான்னு கத்திக்கினே போனியா, மேல எதுனா ஃப்ரீயா குட்க்கறாங்கோ போலன்னு வந்துட்டேன்" என்றார். ஒரு பிடி பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "நமுத்துப் போய்க் கீது நைனா."

அகிலாவின் உதடு துடித்தது. ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஃபைல் குலுங்கியது. அப்புறம் அந்த அறையில் யாரும் எதையும் மறைக்கவில்லை. ஸ்டெல்லா மிஸ் சிரிக்கச் சிரிக்க இருமல் வந்து, இந்தத் தடவை நிஜமாகவே பொரி புரையேறியது. நானும் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். தோற்றுப்போனவன் அவ்வளவு சிரிக்கக் கூடாதுதான்.

எல்லோரும் கிளம்பியபின் அகிலா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், குழந்தைங்களைத் தனியா விட்டீங்க. கட்டளை போட்டீங்க. யாரோ ஒருத்தர் குழந்தையையும் சேர்த்துக் கூட்டிட்டு வந்துட்டீங்க."

"ஃபெயில்தானே மேடம்?"

"ஃபெயில்னு நாங்க சொல்றதில்ல சார், மனசு கஷ்டப்படும் இல்ல? 'இன்னும் தகுதி பெறவில்லை', அவ்வளவுதான். ரெண்டு வாரம் கழிச்சு நிஜக் குழந்தைங்களோட வாங்க." கொஞ்சம் தயங்கினார். "அப்புறம், கீழ நான் வாயில விரல் வெச்சதை யார்கிட்டயும் சொல்லாதீங்க."

(மேடம், மன்னிக்க வேண்டும்.)

வீட்டில் சுமதி முழுவதையும் கேட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, காய்கறிப் பையை எடுத்து என் கையில் கொடுத்தாள். சொன்ன சொல் மாறாதவள்.

அந்த ரெண்டு வாரமும் நான் மோட்டார் போட்டேன், மார்க்கெட் போனேன். என் வகுப்பு ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம் கம்பிக்குள்ளிருந்து சின்னச் சின்னக் கைகள் நீளும். "மிஸ், உள்ள வா!" என்று கத்துவார்கள். யாழினி என்ற வாண்டு, "பாலு மிஸ் தப்பு பண்ணிட்டாரு, அதான் வெளிய நிக்க வெச்சிருக்காங்க" என்று புதுசாகச் சேர்ந்தவனுக்கு விளக்கம் கொடுத்தாள். பையோடு நின்றுகொண்டு தலையாட்டினேன்.

மறுதேர்வில் ஏழு நிஜக் குழந்தைகள். அதுகள் உட்கார்ந்தன, பொரியை அளந்தன, ஒன்றிரண்டைத் தின்றன. நடுவில் ஒரு பையன், "மிஸ், பாத்ரூம்" என்றான். அகிலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. நான் முழங்காலிட்டு, "சரி வா கண்ணா, யாருக்கெல்லாம் போகணும்? எல்லாரும் சேர்ந்தே போலாமா?" என்றேன். உதவிக்கு வந்திருந்த ஆயா முன்னால் போக, கையைப் பிடித்துக்கொண்டு, போனது ஏழு, வந்தது ஏழு. மூன்று வயசுக் குழந்தைகளுக்குப் பாதி விலையில் எந்த ஆர்வமும் இல்லை என்பதை எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதவில்லை.

மறுநாள் காலை என் வகுப்புக்குள் நுழைந்தேன். குழந்தைகள் காலைக் கட்டிக்கொண்ட வேகத்தில் கீழே விழப் பார்த்தேன்.

ஆனால் அந்த மூன்று வார்த்தைகள் எங்கள் வீட்டைவிட்டுப் போகவே இல்லை. நான் ரசம் வைத்தால் சுமதி ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னும் தகுதி பெறவில்லை" என்பாள். நான் வாங்கி வரும் முருங்கைக்காய், நான் ஓட்டும் கார், நான் கட்டும் வேட்டி, எதுவும் இன்னும் தகுதி பெறவில்லை. ஆயா தேவிகூட நான் துடைத்த மேஜையைப் பார்த்துவிட்டு, "சாரு இன்னும் தகுதி பெறல" என்கிறாள்.

போன மாதம் நித்யா தன்னோடு வேலை பார்க்கிற கார்த்திக் என்ற பையனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். நல்ல பையன். பதற்றத்தில் காபியை வேட்டியில் கொட்டிக்கொண்டான், என் வேட்டியில். அவன் கை கழுவப் போன சமயம் நித்யா என் காதில் கேட்டாள்: "எப்படிப்பா இருக்கான்?"

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து சுமதியின் குரல் வந்தது, தெருவுக்கே கேட்கிற மாதிரி. "இன்னும் தகுதி பெறவில்லைன்னு சொல்லுங்க! ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொல்லுங்க!"

பையன் ஈரக் கையோடு அப்படியே நின்றான். நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் யாரும் அவனுக்கு எதுவும் விளக்கவில்லை.

சரியாக ரெண்டு வாரம் கழித்து, தலையைப் படிய வாரிக்கொண்டு, அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். பாஸ் போட்டுவிட்டோம்.